தொட்டுப் பார்க்கிற வைத்தியம்

என் அத்தை போர்டில் எழுதி வைத்திருந்த சொல்லைச் செஞ்சியில் ஒருவரும் சரியாகப் படிக்கவில்லை. பச்சை எழுத்தில் 'ஆஸ்டியோபதி' என்று இருந்தது. படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் அதை ஓமியோபதி என்று படித்துவிட்டுச் சீனி மாத்திரை கேட்டார்கள். "மாத்திரை எல்லாம் இல்லீங்க, கையால பாக்கற வைத்தியம்" என்று அத்தை சொன்னால், ஒருவர் உள்ளங்கையை நீட்டி ரேகை பார்க்கச் சொன்னார். இன்னொரு அம்மா, "மந்திரிப்பியா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் ஏமாற்றத்தோடு இறங்கிப் போனார். நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அந்த மாடி அறைக்குப் போய், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்லித் தருவதை என் வேலையாக வைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அதைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்தவர்கள் அத்தையும் நானும்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

அத்தை என் அப்பாவின், நைனாவின், தங்கை. எங்கள் காலனியிலிருந்து வெளியூர் போய்ப் படித்த முதல் பெண். சென்னையில் பிசியோதெரபி படித்தாள். பிறகு பெங்களூரில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டே இந்தக் கை வைத்தியத்தையும் முறையாகப் படித்துப் பாஸ் செய்தாள். அது என்ன வைத்தியம் என்று நான் கேட்டபோது, நான் போட்டிருந்த சட்டையின் கீழ்நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க இறுக்குது?"

"கழுத்துல."

"நான் புடிச்சினு இருக்கறது எங்க?"

"இடுப்புல."

"அவ்ளோதான் படிப்பு" என்று சிரித்தாள். "வலிக்கிற எடம் ஒண்ணு, இழுக்கிற எடம் ஒண்ணு. கையால தேடிக் கண்டுபுடிச்சு மெதுவா விடுவிக்கணும்."

அவளுக்கு இதைப் படிக்கத் தோன்றியதற்குக் காரணம் நைனாவின் முதுகு. நைனா நெல் கமிட்டியில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், மூட்டை தூக்குகிறவர். அறுவடைக் காலத்தில் ரோடு முழுக்க நெல் வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் அவரால் சட்டென்று உட்கார முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதி இறங்கி, மூச்சு வாங்கி, மீதி இறங்குவார். அத்தை சின்னப் பெண்ணாக இருந்தபோது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முதுகில் ஏறி மிதித்துவிடுவாளாம். மிதித்தால் சுகமாக இருக்கும், விடிந்தால் பழையபடி ஆகிவிடும். ஏன் அப்படி என்று யாரைக் கேட்டும் அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை. கேட்டுக்கொண்டே போனதில்தான் பெங்களூர் வரைக்கும் போய்விட்டாள்.

திரும்பி வந்து, திண்டிவனம் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்கு எடுத்தாள். உயரமான ஒரு படுக்கை, ஒரு நாற்காலி, எலும்புக்கூட்டின் படம் ஒன்று. டவுன் பஸ் டிரைவர்கள் வந்தார்கள். கடலை பிடுங்கி இடுப்பு பிடித்துப்போன பெண்கள் வந்தார்கள். ஓயாமல் போர்டில் எழுதித் தோள் தூக்க முடியாமல் போன ஒரு டீச்சர் வந்தார். எல்லோரையும் அவள் தொட்டுவிடவும் மாட்டாள். சிலரை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, "இது என் கைக்கு ஆவறது இல்லீங்க, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவாள். வந்த பிழைப்பைத் திருப்பி அனுப்புகிறாளே என்று அம்மாவுக்கு ஆதங்கம்.

மண்டிக்காரர் வீட்டிலிருந்து போன் வந்தது அப்போதுதான். செஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பேரைச் சொல்லப்போவதில்லை. நான் ஊருக்குப் போகிற பஸ் இன்றைக்கும் அதன் வழியாகத்தான் போகிறது. அவருக்கு நிலமும் உண்டு, நெல் மண்டியும் உண்டு. இடுப்பில் பிடித்த வலி ஒரு காலில் இறங்கி, உட்கார முடியாமல், படுக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்து, தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார்களாம். ஆபரேஷன் என்ற வார்த்தைக்கே அவருக்கு வேர்த்துவிடும். அந்த டீச்சர் சொல்லி அத்தையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மாடிப்படி ஏற முடியாது, வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று அவருடைய மனைவி போனில் கேட்டுக்கொண்டார். "டாக்டரம்மா, நீங்க வந்து பாத்தீங்கன்னா புண்ணியமா போவும்" என்று அவர் சொன்னது போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

நைனாவுக்குப் பிடிக்கவில்லை. "அந்த ஆளு மூட்டையத் தூக்கித் தூக்கித்தான் என் முதுகு போச்சு. அவரு முதுகப் பாக்க நீ போறியா?"

"முதுகுக்கு யாரு மூட்டைன்னு தெரியுமாண்ணா?" என்றாள் அத்தை.

"முதுகுக்குத் தெரியாது. ஆளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நைனா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கல்யாணமாகாத பெண், முன்பின் தெரியாத வீட்டுக்கு ஓர் ஆம்பிளைக்கு வைத்தியம் பார்க்கத் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா சொன்னதால், அத்தை துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்பது வயதுக் காவல்.

கார் அனுப்பியிருந்தார்கள். ஏசி காற்று முகத்தில் அடித்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வகுப்பில் யார் யாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். வாசலில் அந்த அம்மாவே நின்று, "வாங்க டாக்டரம்மா, வாங்க" என்று வரவேற்றார். என் கன்னத்தைக்கூடக் கிள்ளக் கை நீட்டினார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டார்.

"நீங்க எந்தூருங்க?"

"இதே செஞ்சிதாங்க."

"செஞ்சியில எந்தப் பக்கம்?"

அத்தை எங்கள் தெருவின் பேரைச் சொன்னாள். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்வது போலச் சொன்னாள். அந்த அம்மா நீட்டிய கையால் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வந்ததும், "பின்பக்கமா வா" என்றார். வாசல்படியில் இருந்த 'ங்க' வீட்டைச் சுற்றிப் போவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. பின்பக்கத்தில் கன்றுக்குட்டி இருந்தது.

உர மூட்டைகள் அடுக்கியிருந்த ஓர் அறையைப் பெருக்கி, கட்டில் போட்டு, அதன்மேல் புத்தம் புதுப் போர்வை விரித்திருந்தார்கள். ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை மலை தெரிந்தது. மண்டிக்காரரை இரண்டு மகன்கள் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனார்கள். பெரிய உடம்பு, ஆனால் அந்த உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, புயலில் சாய்ந்த வாழை போல நின்றது.

அத்தை உடனே தொடவில்லை. நிற்கச் சொன்னாள், முடிந்தவரை குனியச் சொன்னாள், நாலடி நடக்கச் சொன்னாள். படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பாதத்தையும் விரலால் வருடி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேட்டாள். "மூத்திரம் போறதுல ஒண்ணும் கஷ்டம் இல்லீங்களே ஐயா?" என்று கேட்டபோது அவர் என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். எல்லாம் கேட்ட பிறகுதான் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையை இடுப்பிலும் ஒரு கையை விலாவுக்குக் கீழேயும் வைத்தாள். வைத்த கை அசையவே இல்லை.

"இன்னா, சும்மா கைய வச்சினு இருக்கற?" என்றார் அவர்.

"சும்மா இல்லீங்க ஐயா. கேட்டுனு இருக்கேன்."

"முதுகு பேசுமா?"

"பேசும். நீங்க பேசாம இருந்தா."

ஊரில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தெரிகிறது. அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அத்தையின் கைகள் நகர ஆரம்பித்தன. மாவு பிசைகிற வேகம்கூட இல்லை, தூங்குகிற குழந்தையின் கீழிருந்து துணியை உருவுகிற மாதிரி. எங்கேயும் நெட்டி முறியவில்லை. நான் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது குறட்டைச் சத்தம் கேட்டது. அத்தை அவரை எழுப்பவில்லை. எழுந்தபோது, ஒருக்களித்துக் கையை ஊன்றி எழ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அப்படியே எழுந்து, கட்டிலைப் பிடிக்காமல் நின்றார். நின்றுவிட்டோம் என்று தெரிந்ததும் அவர் கண் கலங்கியது. "நின்னுட்டேன் பாரு" என்று என்னிடம்தான் சொன்னார்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் டீ வரும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கடையில் வாங்கிய கூல்டிரிங்ஸ் பாட்டில் வரும், மூடிகூடத் திறக்காமல். டீ குடிக்கிற அந்த மகன்களை நினைத்துப் பாவமாக இருந்தது. இரண்டாவது, போர்வை. முதல் நாள் கிளம்பும்போது அந்த அம்மா கட்டிலைக் காட்டி, "அத நீயே எடுத்துனு போயிடு" என்றார்.

"தொவச்சு வச்சீங்கன்னா அடுத்த தடவைக்கு ஆவுமேங்க" என்றாள் அத்தை.

"இருக்கட்டும், எடுத்துனு போ. எங்கள்ல அதெல்லாம் திரும்பி எடுத்து வைக்கறது இல்ல."

அத்தை அந்தப் போர்வையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நாலு மூலையும் சேர்த்து நிதானமாக மடித்து என்னிடம் கொடுத்தாள். மயில் போட்ட போர்வை. ஒரு மணி நேரம்தான் அதில் ஒருவர் படுத்திருந்தார். அதன் பிறகு போகும்போதெல்லாம் ஒன்று கிடைத்தது: பூப்போட்டது, கட்டம் போட்டது, யானை போட்டது. எங்கள் வீட்டில் திடீரென்று எல்லோருக்கும் தனித்தனிப் போர்வை. நான் மயிலை யாருக்கும் தரவில்லை. நைனா மட்டும் பழைய வேட்டியையே போர்த்திக்கொண்டு படுத்தார். வேர்க்கிறது என்றார்.

அத்தை ஏன் அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போனாள் என்று நான் பெரியவளான பிறகு ஒரு தடவை கேட்டேன். "தொட்டுனே இருந்தா ஒரு நாளைக்கு அவங்களுக்கு அது மறந்துபூடும்னு நெனச்சேன்" என்றாள். நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. அவர் மாறிக்கொண்டுதான் வந்தார். அவள் கை பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சொல்ல ஆரம்பித்துவிடுவார்: சின்ன வயதில் கோட்டை அகழியில் நீச்சல் பழகியது, மகன்கள் மண்டிக் கணக்கில் தன்னைக் கேட்பதே இல்லை என்பது, ராத்திரியில் வலி வரும்போது செத்துவிடலாம் என்று தோன்றியது. மனைவியிடம்கூட அதைச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு நாள், "பெத்த பொண்ணுகூட இவ்ளோ பொறுமையா பாக்க மாட்டாம்மா. நீ எனக்குப் பொண்ணு மாதிரி" என்றார். அத்தை அன்றைக்கு வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அவளால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொண்ணுன்னா முன்வாசல்ல வரச் சொல்லலாமே" என்றார். நான், பின்பக்கம்தான் நல்லா இருக்குது, கன்றுக்குட்டி இருக்குது என்று சொன்னேன்.

பங்குனிக்குள் அவர் நன்றாக நடந்தார். காலில் இறங்கிய வலி போய், இடுப்பில் லேசான பிடிப்பு மட்டும் மிச்சம். மண்டிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். கடைசி நாளில் அத்தை கண்டிப்பாகச் சொன்னாள்: "பிதுங்கின ஜவ்வு உள்ள போயிடுச்சுன்னு நெனச்சிக்காதீங்க ஐயா. வலிதான் அடங்கியிருக்குது. வெயிட் தூக்கக்கூடாது. இன்னும் ஆறு மாசத்துக்கு மலை ஏறக்கூடாது, முக்கியமா எறங்கக்கூடாது. வலி திரும்ப வந்து, கால் மரத்துப்போனா ஒரு நிமிசம்கூட வச்சினு இருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." அவர் தலையாட்டினார். தலையாட்டியபடியே, அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

ராஜகிரி மேலிருக்கும் அம்மனுக்குச் சித்திரையில் திருவிழா. அன்றைக்குக் கோட்டைப் படி முழுக்க ஜனம். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும் என்று அத்தை என்னை விடியற்காலையில் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். குரங்குகளிடமிருந்து தேங்காய்ப் பையைக் காப்பாற்றிக்கொண்டு நாங்கள் பாதி ஏறியபோது, முன்னால் மண்டிக்காரர் போவது தெரிந்தது. புது வேட்டி, மஞ்சள் துண்டு, சுற்றிலும் மகன்கள், மருமகன்கள், சொந்தக்காரர்கள். "ஏறக்கூடாதுன்னு சொன்னேனே" என்று அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூப்பிடவில்லை.

கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக அவருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றோம். யாரோ அவரிடம், "படுத்த படுக்கையா இருக்கீங்கன்னாங்க, மலையே ஏறிட்டீங்களே?" என்று கேட்டார்கள்.

"எல்லாம் ஆத்தா பாத்துக்கினா" என்றார் அவர், நாலு பேருக்குக் கேட்கிற குரலில். "டாக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒரு கை படல. ஆத்தா கண்ணத் தொறந்தா, எழுந்து வந்துட்டேன்."

எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அத்தையைப் பார்த்தேன். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள். விரல் கொஞ்சம் அழுத்தமாகப் பட்டது. அவர் அத்தையின் வைத்தியத்தை ரகசியமாக வைத்திருக்கிறார், சொன்னால் எல்லோரும் வந்து அவளைத் தொந்தரவு செய்வார்கள் என்று நினைக்கிறார் என்று நானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துத் திருப்தியடைந்தேன்.

இறங்கும்போதுதான் நடந்தது. படி செங்குத்தாகத் திரும்புகிற ஓர் இடம். எதிரே ஏறி வருகிறவர்களுக்கு வழிவிட அவர் சட்டென்று ஒதுங்கி, ஒரு காலைக் கீழ்ப்படியில் ஊன்றினார். ஊன்றிய கால் நிற்கவில்லை. ஐயோ என்று ஒரு சத்தம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு படி மேலே இருந்தோம். மனிதர்களை விலக்கிக்கொண்டு அத்தை ஓடினாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். முகம் சாம்பலாக இருந்தது. மகன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"தூக்காதீங்க!" என்று அத்தை கத்தினாள். "அப்படியே வுடுங்க. இழுக்காதீங்க. நான் பாக்கறேன்." படியில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"யாரும்மா நீ?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார்.

அத்தை மண்டிக்காரரைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருடைய கை எழுந்தது. நான் மிகவும் பக்கத்தில் நின்றதால் அதைப் பார்த்தேன்: அவர் கை அத்தையின் கையைப் பிடிக்கத்தான் எழுந்தது. பாதியில் நின்று, சுற்றிலும் இருந்த முகங்களை அவர் ஒரு சுற்றுப் பார்த்த பிறகு, அந்தக் கை தன் துண்டைப் பிடித்துக்கொண்டது. அவர் மகனிடம் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை.

"யாருன்னு தெரியல. தொட வேணாம்னு சொல்லு."

அத்தையின் கை அவர் உடம்புக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே நின்றது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அவள் பேசிய குரல், பேஷண்டுகளிடம் எப்போதும் பேசுகிற அதே குரல்தான். "சரிங்க, நான் தொடல. சொல்றத மட்டும் கேளுங்க. கீழ போயி ஒரு பலகை கொண்டாரச் சொல்லுங்க. உடம்ப மடக்காம மல்லாக்கப் படுக்க வச்சு எறக்குங்க. கால் விரல் அசையுதா, தொட்டா தெரியுதான்னு நீங்களே பாருங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"வழிய வுடும்மா" என்றான் பெரிய மகன்.

இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்தார்கள், இரண்டு பேர் முழங்காலுக்கு அடியில் பிடித்தார்கள். உடம்பு நடுவில் மடங்கித் தொங்கியது. நைனா ஒரு நெல் மூட்டையைக்கூட அதைவிட மரியாதையாகத் தூக்குவார். படி வளைந்து அவர்கள் மறைந்த பிறகும் அவர் அலறல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. ஏறி வந்தவர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டு, மறுபடி ஏற ஆரம்பித்தார்கள். அத்தை படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டேன்:

"அத்தை, அவருக்கு உன்ன ஞாபகம் இல்லையா?"

"இருக்குது" என்றாள். "அதனாலதான்."

வலி அதிகமானால் மறந்துபோகும் என்று நினைத்திருந்தேன். ஞாபகம் இருப்பதால் எப்படி ஒருவரைத் தெரியாமல் போகும்? அத்தைக்கும் வெயிலில் தலை சுற்றியிருக்கும் என்று பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன்.

அவரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, எண்ணெய் காய்ச்சித் தேய்த்து, விபூதி போட்டு, மறுநாள் சாயங்காலம் கால் மரத்துச் சிறுநீர் நின்றுபோன பிறகுதான் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர் எந்த வார்த்தைக்குப் பயந்தாரோ அந்த ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது பாதம் தொங்கிப்போய்விட்டது. நடந்தால் தரையைத் தேய்த்துக்கொண்டே வரும். வலியும் முழுதாகப் போகவில்லை. மலை ஏறியதால் வந்ததா, மடக்கித் தூக்கியதால் வந்ததா, ஒரு நாள் தாமதித்ததால் வந்ததா என்று நான் பிற்பாடு கேட்டிருக்கிறேன். அத்தை நேர்மையானவள். "யாருக்கும் தெரியாது. ஒண்ணும் பண்ணாம இருந்தாலும் வந்திருக்கலாம்" என்றுதான் சொல்வாள்.

ஊருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. வைகாசிக்குள் பேச்சு செஞ்சிக்கு வந்துவிட்டது. ஒரு கை படவில்லை என்று அம்மன் சன்னதியில் சொன்ன வீட்டிலிருந்தே அந்தப் பேச்சும் கிளம்பியது: திண்டிவனம் ரோட்டில் ஒருத்தி போர்டு போட்டுக்கொண்டு இருக்கிறாளே, அவள் முறுக்கி விட்டதில்தான் தண்டுவடம் போய்விட்டது என்று. தொடவே இல்லை என்றவர்கள், தொட்டுக் கெடுத்தாள் என்றார்கள். முதலில் டிரைவர்கள் நின்றார்கள். பிறகு கடலை பிடுங்குகிற பெண்கள் நின்றார்கள். அந்த டீச்சர் மட்டும் வந்துகொண்டிருந்தார். அவரும் கொஞ்ச நாளில் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு வர ஆரம்பித்து, பிறகு வரவில்லை. செல்போன் கடைக்காரர் வந்து, தன் மச்சானுக்கு அந்த அறை வேண்டும் என்றார். மச்சான் இன்றுவரை வரவில்லை என்று கேள்வி.

நைனாவுக்கு அந்த மண்டியின் வண்டிகளில் மூட்டை தூக்கும் வேலையும் நின்றது. அவர் அதைப் பற்றி அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய் ஏணி வைத்து போர்டைக் கழற்றி, தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த ஒருவர், "இன்னா, ஓமியோபதிய மூடியாச்சா?" என்று கேட்டாராம். அத்தை பெங்களூருக்கே திரும்பிப் போக முடிவு செய்தாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். நல்ல பேரோடு இருக்கிறாள். வருகிறவர்கள் அவளிடம் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிரச் செஞ்சிக்கு வருவதில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மண்டிக்காரர் மனைவி இறங்கினார். கார் இருக்கும்போது ஏன் ஆட்டோவில் வந்தார் என்று எனக்கு ஆச்சரியம். வீடுவரை வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உள்ள வாங்க" என்றார். "இருக்கட்டும்" என்று வந்தவர் வாசலிலேயே நின்றார். அத்தை வெளியே வந்தாள்.

"ராவெல்லாம் கத்தறாரும்மா" என்றார் அந்த அம்மா. "மாத்திரைக்குக் கேக்கல. உன்னத்தான் சொல்லினே இருக்காரு. 'அந்தப் பொண்ணு கைய வச்சா தேவலாம், அந்தப் பொண்ணு கைய வச்சா தேவலாம்'னு. நாளைக்கு வண்டி அனுப்பறேன். பசங்க மண்டிக்குப் போனப்புறம், பின்பக்கமா வந்துட்டு..."

நைனா உள்ளே பாயில் படுத்திருந்தவர் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஆபரேஷன் பண்ண முதுகு" என்றாள் அத்தை. "ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் எடுத்துனு வாங்க, பாத்துட்டுத்தான் கை வைப்பேன். ஆனா நான் அங்க வரலீங்க. அவரக் கூட்டினு இங்க வாங்க."

"இங்கயா?"

"இங்கதான். எங்க வீட்டுல பாய் இருக்குது. பகல்ல வாங்க. எவ்ளோ நேரம் ஆனாலும் பாக்கறேன்."

அந்த அம்மா அத்தையைப் பார்த்தார், அம்மா போட்ட நாற்காலியைப் பார்த்தார், எங்கள் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நடிப்பு இல்லை, புருஷனின் கத்தலை ராத்திரியெல்லாம் கேட்கிறவரின் கண்ணீர்தான் அது.

"அவரு எப்படிம்மா இங்க வருவாரு?" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. காலையிலேயே நான் முன்னறையைப் பெருக்கி, பாயை உதறி விரித்து வைத்தேன். அத்தை பார்த்தாள். துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியும் கார் வரவில்லை. எனக்கு அந்த அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. நியாயமான கேள்விதான் என்று பட்டது. எங்கள் காலனிக்குத் திரும்புகிற இடத்தில் போர்டு கிடையாது. கூரியர்காரரே இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வருவார். காலைத் தேய்த்துக்கொண்டு நடக்கிற மனிதர், இதுவரை ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வராதவர், எப்படி வருவார்? பெரியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். திருப்பத்தில், எல்லா வண்டிக்கும் தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன். வெள்ளைக் கார் எது வந்தாலும் கையைத் தூக்கி எங்கள் தெருவைக் காட்டினேன். அன்றைக்கும் நின்றேன், அத்தை பஸ் ஏறுகிறவரை மற்ற நாட்களிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றேன். வழி தெரியாமல்தான் அவர் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு.